‘பின்’ படத்துக்குப் பிறகு

எடை குறைப்புச் சத்திரசிகிச்சை பற்றி எங்களில் கனபேருக்குத் தெரிந்தது இரண்டு படங்கள்தான். இடது பக்கம் ‘முன்’. வலது பக்கம் ‘பின்’. முன் படத்தில் ஒருவர் தொளதொள சேர்ட்டோடு, சிரிக்காமல், மங்கல் வெளிச்சத்தில் நிற்பார். பின் படத்தில் அதே ஆள் இறுக்கமான உடுப்போடு சிரிப்பார். நடுவில் எத்தனை கிலோ குறைந்தது என்று பெரிய எழுத்தில் இருக்கும். கீழே ஒரு தொலைபேசி இலக்கம். பேஸ்புக்கிலும் ரிக்ரொக்கிலும் ஒருக்கால் இதைத் தேடிப் பார்த்தால் போதும், பிறகு ஒரு மாதத்துக்கு அதே படங்கள்தான் வந்துகொண்டிருக்கும்.

அந்தப் படங்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆள் உண்மையிலேயே மெலிந்துதான் இருக்கிறார். ஆனால் ‘பின்’ என்றால் எப்போது? இந்தச் சத்திரசிகிச்சைகளுக்குப் பிறகு எடை ஆகக் குறைவாக இருப்பது பெரும்பாலும் முதலாம் ஆண்டுக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் இடையில். படம் எடுக்கப்படுவதும் அப்போதுதான். ஐந்தாம் ஆண்டில், பத்தாம் ஆண்டில் அதே ஆளை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. வயிற்றை வெட்டிக்கொள்கிற இருபத்தைந்து வயதுப் பிள்ளை ஒன்று அந்த வயிற்றோடு இன்னும் நாற்பது ஐம்பது வருசம் வாழவேண்டும். நாங்கள் கதைக்கவேண்டியது அந்த நாற்பது ஐம்பது வருசத்தைப் பற்றி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரை சத்திரசிகிச்சைக்கு எதிரானது இல்லை. கடுமையான உடற்பருமனும் அதோடு சேர்ந்து வரும் நீரிழிவும் உயிரைக் குடிக்கிற வருத்தங்கள். ‘வாயைக் கட்டு, ஓடு, நடை போ’ என்ற அறிவுரை கடும் உடற்பருமன் உள்ள பெரும்பாலானவர்களுக்கு நீண்டகாலம் உதவுவதில்லை. சுவீடனில் 1987இல் தொடங்கிய பெரிய ஆய்வொன்று, சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைந்ததை 2007இல் காட்டியது. சிலருக்கு நீரிழிவு மருந்தே தேவைப்படாத அளவுக்குச் சீனி இறங்குகிறது. ஆகவே செய்தவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. என் கேள்வி வேறு. இதை விற்கிறவர்கள் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள்? செய்துகொண்டவர்கள் எதைச் சொல்லமுடியாமல் இருக்கிறார்கள்? அந்த இரண்டாவது மௌனத்தில் எங்கட பங்கு என்ன?

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது

இன்றைக்கு உலகத்தில் ஆக அதிகமாகச் செய்யப்படுவது ‘ஸ்லீவ்’ என்கிற சத்திரசிகிச்சை. இரைப்பையின் ஏறத்தாழ 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் மாதிரி ஒடுங்கிய ஒரு குழாய். வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்கமுடியாது. பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஓமோன் பெரும்பாலும் அந்த வெட்டி எடுக்கிற பகுதியில்தான் சுரக்கிறது. அதனால் சாப்பாடு குறைவதோடு பசியும் குறைகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கு.

ஆனால் இரைப்பை வெறும் சாக்கு இல்லை. சாப்பாடு வரும்போது அதன் மேற்பகுதி இளகி விரிந்து இடம் கொடுக்கும். இரைப்பையும் களமும் (பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த உணவுக்குழாய்தான்) சந்திக்கிற இடத்தில் ஒரு கூர்மையான கோணம் இருக்கிறது. அந்தக் கோணமும், அதைச் சுற்றியுள்ள தசையும், அமிலம் மேலே வராமல் தடுக்கிற கதவு மாதிரி வேலை செய்கின்றன. ஸ்லீவ் செய்யும்போது விரிகிற பகுதி போய்விடுகிறது. கோணமும் சிலவேளை குலைகிறது. கீழ்ப்பக்க வாசல் மட்டும் பழையபடி இறுக்கமாகவே இருக்கிறது. ஒடுங்கிய குழாய்க்குள் அமுக்கம் கூடும்போது உள்ளே இருப்பது எங்கே போகும்? மேலேதான். நெஞ்செரிவு, புளியேப்பம், எதுக்களிப்பு எல்லாம் இதனால்தான் வருகின்றன.

மற்றது ‘பைபாஸ்’. இதில் இரைப்பையின் மேற்பக்கத்தில் ஒரு முட்டையளவு சின்னப் பை ஒன்றைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் ஒரு பகுதியோடு நேரே இணைக்கிறார்கள். அந்தச் சின்னப் பையில் அமிலம் மிகக் குறைவாகவே சுரக்கும். பித்தமும் தூரத்தில்தான் வந்து சேரும். அதனால் எதுக்களிப்பு உள்ளவர்களுக்குப் பைபாஸ் பெரும்பாலும் நிவாரணமாகவே அமைகிறது. ஆனால் அதற்கென்று வேறு சிக்கல்கள் இருக்கு. அதைப் பிறகு பார்ப்போம்.

இது ஊகம் இல்லை. சுவிற்சர்லாந்தில் 217 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஸ்லீவும் மற்றதுக்கு பைபாசும் செய்து, ஐந்து வருசம் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2018இல் வெளிவந்தது. எடை குறைவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. எதுக்களிப்பில் வித்தியாசம் மலையும் மடுவும். ஏற்கெனவே எதுக்களிப்பு இருந்தவர்களில், பைபாஸ் செய்த 60 சதவீதமானவர்களுக்கு அது இல்லாமல் போனது. ஸ்லீவ் செய்தவர்களில் 25 சதவீதத்தினருக்கு மட்டும்தான். எதுக்களிப்பு மோசமானது ஸ்லீவ் குழுவில் ஏறத்தாழ 32 சதவீதம், பைபாஸ் குழுவில் 6 சதவீதம். பின்லாந்தில் 240 பேரோடு தொடங்கிய இன்னொரு ஆய்வு பத்து வருசம் போனது. அதில் என்டொஸ்கொபி செய்து பார்த்தபோது, ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதத்தினரின் களத்தில் அமிலப் புண் அழற்சி இருந்தது. பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம்.

மூன்றில் ஒரு பங்கு. விளம்பரத்தில் இந்த எண்ணை எங்கேயாவது கண்டீர்களா?

‘நெஞ்செரிவுதானே, குளிசை போட்டால் சரி’ என்று சிலர் சொல்லுவார்கள். சிலருக்கு உண்மையிலேயே ஒமெப்பிரசோல் போதும். ஆனால் எல்லாருக்கும் இல்லை. நீண்டகாலம் அமிலம் படப்பட, களத்தின் கீழ்ப்பகுதிக் கலங்கள் மாறத் தொடங்கலாம். அதை ‘பரெற் களம்’ என்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது புற்றுநோயாக மாறுவதில்லை. என்றாலும் கவனிக்கவேண்டிய மாற்றம். இன்னொரு பொல்லாத விசயம், களத்தில் புண் இருந்தும் ஒன்றுமே தெரியாத ஆக்களும் இருக்கிறார்கள். அதனால்தான் உடற்பருமன் சத்திரசிகிச்சை நிபுணர்களின் சர்வதேசச் சம்மேளனம், ஸ்லீவ் செய்தவர்கள் ஒரு வருசத்திலும், அதன் பிறகு இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருமுறையும் என்டொஸ்கொபி செய்துபார்க்கவேண்டும் என்று பரிந்துரைக்கிறது. சுகமாக இருந்தாலும்கூட.

ஒவ்வொரு முறையும் இதே கதை

இது இந்த ஒரு சத்திரசிகிச்சையின் பிரச்சினை மட்டும் இல்லை. 1950களில் அமெரிக்காவில் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தவிர்த்துவிட்டு இணைக்கிற முறை வந்தது. ஆக்கள் மெலிந்தார்கள். சில வருசம் போக ஈரல் பழுதானது, சிறுநீரகத்தில் கல் வந்தது, அந்த முறையே கைவிடப்பட்டது. 1966இல் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இரைப்பை பைபாசைத் தொடங்கினார். 1980களில் அவரே கொண்டுவந்த, இரைப்பையை ஊசிகளால் பிரித்து வளையம் போடுகிற முறை மிகவும் பிரபலமானது. காலம் போக வாந்தியும் எதுக்களிப்பும் கூடி அதுவும் ஓய்ந்தது. 2000களில் இரைப்பையைச் சுற்றி சிலிக்கன் பட்டி கட்டுகிற முறை. ‘வெட்டுறதே இல்லை, வேண்டாமென்றால் கழற்றலாம்’ என்று சொன்னார்கள். பட்டி வழுகியது, சிலருக்கு இரைப்பைச் சுவரையே அரித்தது, ஏராளமான பேர் திரும்பப் போய்க் கழற்றினார்கள்.

இதிலிருந்து சத்திரசிகிச்சை நிபுணர்கள் எல்லாரும் கள்ளர் என்று முடிவெடுக்கத் தேவையில்லை. தவறுகளை ஆய்வு செய்து வெளியே சொன்னதும் அவர்கள்தான். விளங்கவேண்டியது என்னவென்றால், வயிற்றில் செய்கிற மாற்றத்தின் முழுக்கணக்கு வருவதற்குப் பத்து வருசம் எடுக்கும். விளம்பரம் பத்து வருசம் காத்திருப்பதில்லை.

எடையும் அப்படித்தான். மரடோனா 2005இல் கொலம்பியாவில் பைபாஸ் செய்து, ஆளே அடையாளம் தெரியாமல் மெலிந்து தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தியது உங்களில் காற்பந்துப் பைத்தியங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் போனது. பிறகு எடை திரும்ப ஏறி, 2015இல் மறுபடியும் சத்திரசிகிச்சைக்குப் போனது எத்தனை பேருக்குத் தெரியும்? பணமும் வைத்தியர்களும் பக்கத்தில் இருந்த ஒருவருக்கே அப்படி. எடை ஓரளவு திரும்புவது ஒழுக்கக்கேடு இல்லை. உடம்பு அப்படித்தான் வேலை செய்கிறது.

கஸ்ரைட்டிஸ் என்ற போர்வை

எங்கட ஊரில் வயிற்றில் எது வந்தாலும் பெயர் ஒன்றுதான்: கஸ்ரைட்டிஸ். பசி கிடந்தால் கஸ்ரைட்டிஸ், கொத்துறொட்டி சாப்பிட்டால் கஸ்ரைட்டிஸ், பரீட்சை வந்தால் கஸ்ரைட்டிஸ். அந்தச் சொல்லுக்குள் எதையும் ஒளிக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அப்படித்தான் ஒளிக்கிறா. ஸ்லீவ் செய்து நாலு வருசம். மூன்று தலையணை அடுக்கி, பாதி இருந்தபடிதான் நித்திரை. இரவு ஒரு மணி, இரண்டு மணிக்குத் தொண்டையில் புளிப்பு வந்து எழும்பி இருமுவா. மாமியாரிடம் ‘கஸ்ரைட்டிஸ்’ என்று சொல்லியிருக்கிறா. ஏன் அக்கா திரும்பப் போய்க் காட்டவில்லை என்று கேட்டேன்.

“என்னெண்டு போறது? காசு கட்டிச் செய்தது நான்தானே. இப்ப போய் வருத்தம் எண்டு சொன்னா, உனக்கு ஆர் செய்யச் சொன்னது எண்டு கேப்பினம். எல்லாரும் மெலிஞ்சிட்டாய் எண்டு சந்தோசப்படேக்க நான் எப்பிடியப்பா குறை சொல்லுறது?”

கடைசி வசனத்தைக் கொஞ்சம் யோசியுங்கோ. அவவுக்கு வைத்தியர் கிடைக்காமல் இல்லை. மருந்து இல்லாமல் இல்லை. குறை சொல்லுகிற உரிமை தனக்கு இல்லை என்று நினைக்கிறா. அதை அவவுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

கலியாண வீட்டில், சாமத்திய வீட்டில், கோயில் வீதியில், ‘என்ன பிள்ளை, இப்பிடி ஊதிப்போனாய்?’ என்று ஆரம்பிக்கிற ஒவ்வொரு வாயும்தான். அவ தடித்திருந்தபோது ‘வாயைக் கட்டத் தெரியாதவள்’ என்றோம். சத்திரசிகிச்சை செய்தபோது ‘குறுக்கு வழியில் போட்டாள்’ என்றோம். இப்போது சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் நேரே இருக்க முடியாமல் நெளிகிறபோது, ‘மெலிஞ்சு வடிவா வந்திட்டாய், இனி என்ன குறை’ என்கிறோம். மூன்று இடத்திலும் அவவுக்கு வாய்திறக்க இடமில்லை.

மற்றச் சிக்கல்கள், எங்கட வாழ்க்கையில்

எதுக்களிப்பு ஒன்று. மற்றவற்றையும் பாடப்புத்தகப் பட்டியலாகச் சொல்லாமல், எங்கட வாழ்க்கைக்குள் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

முதல் நாட்களில் ஆகப் பயப்படவேண்டியது தையல் கோட்டிலிருந்து கசிவு. காய்ச்சல், வேகமான இதயத்துடிப்பு, கூடிக்கொண்டு போகிற வயிற்று நோ. இது வந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. வெளிநாட்டில் செய்துவிட்டு நாலாம் நாள் விமானம் ஏறுகிறவர்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து. துருக்கிக்கு எடை குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் போன பிரித்தானியர்களில் ஏழு பேர் இறந்ததை 2023இல் பிபிசி வெளிக்கொண்டுவந்தது. லண்டனில் இருக்கிற எங்கட சொந்தக்காரப் பிள்ளைகளும் அதே விளம்பரங்களைத்தான் பார்க்கிறார்கள். பிரித்தானிய வழிகாட்டல், குறைந்தது இரண்டு வருசம் அந்தச் சத்திரசிகிச்சைக் குழுவே கண்காணிக்கவேண்டும், பிறகு வாழ்நாள் முழுக்க வருசத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்று சொல்கிறது. ‘ஹோட்டலும் சேர்த்து ஒரே விலை’ என்கிற பொதியில் அந்த இரண்டு வருசம் எங்கே இருக்கு?

முதல் மாதங்களில் வாந்தி நிற்கவில்லை என்றால் அதைச் சின்ன விசயமாக எடுக்கக் கூடாது. கிழமைக்கணக்கில் வாந்தி எடுத்தால் விற்றமின் பி1 வற்றிவிடும். அது மூளையைத் தாக்கும்: பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், ஞாபகம் குழம்பும். பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் சேலைனை மட்டும் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகலாம். உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இந்தச் சத்திரசிகிச்சை நடந்திருந்தால், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வாசலிலேயே அதைச் சொல்லுங்கோ. வெட்கப்பட்டு மறைத்தால், சேலைன் ஏற்றுகிற தாதிக்கும் வைத்தியருக்கும் அது எப்படித் தெரியும்? டயக்னோசிஸ் காட்டை வீட்டு அலமாரிக்குள் பூட்டி வைக்காதேங்கோ. கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருங்கோ.

எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்புக் கூடும். மூன்றாம் நாலாம் மாதத்தில் முடி கொத்தாகக் கொட்டும். அது பெரும்பாலும் திரும்ப வளரும், ஆனால் யாரும் முன்னமே சொல்லாவிட்டால் பெரிய அதிர்ச்சி. பைபாஸ் செய்தவர் கோயிலில் கொடுக்கிற பாயாசத்தை ஒரு கோப்பை குடித்தால், வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிற்றால் போகலாம். பலகாரம் வேண்டாமென்று சொல்லுகிற ஆளை ‘ஒண்டே ஒண்டு’ என்று வற்புறுத்துகிற எங்கட உபசரிப்பு இந்த இடத்தில் உபத்திரவம்.

நோக்குளிசை இன்னொரு பொறி. முதுகு நோ, பல் நோ, மாதவிடாய் நோ என்றால் பாமசியில் டிக்ளோஃபெனாக்கோ இபுப்ரூஃபனோ கேட்டு வாங்கிப் போடுகிற பழக்கம் எங்களுக்கு இருக்கு. பைபாஸ் செய்தவருக்கு, இரைப்பையும் குடலும் இணைக்கப்பட்ட இடத்தில் அதனால் புண் வந்து இரத்தம் கசியலாம், துளையும் விழலாம். அதே மாதிரி, மதுசாரம் இரத்தத்தில் மிக வேகமாக ஏறும். முன்பு மூன்று கிளாசில் வந்த வெறி ஒரு கிளாசில் வரும்.

பிறகு, மெதுவாக வருகிறவை. இரும்பு, பி12, விற்றமின் டி, கல்சியம். பி12 உடம்பில் சேமிப்பாக இருப்பதால் குறைபாடு தெரிய வருசங்கள் எடுக்கலாம். கால் விறைக்கிறபோது, ‘அது சீனி வருத்தத்தால’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இதில் ஒரு சிக்கல் இன்னொன்றைக் கொண்டுவருகிறது: எதுக்களிப்புக்கு நீண்டகாலம் போடுகிற அமிலக் குளிசை, இரும்பும் பி12உம் உடம்பில் சேருவதை இன்னும் குறைக்கலாம். ஆகவே விற்றமின் குளிசையும் வருசாந்த இரத்தச் சோதனையும் சாகும்வரைக்கும். 2022இல் இந்த நாட்டில் மருந்துக்கு என்ன நடந்தது என்று எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. ஆஸ்பத்திரிகளில் அடிப்படை மருந்துகளே இல்லை. பாமசியில் விலை எங்கேயோ போனது. சத்திரசிகிச்சைக்குக் கட்டுகிற காசு ஒருமுறைக் காசு. மருந்தையும் சோதனையையும் வாழ்நாள் முழுக்க யார் கட்டுவது, எங்கே வாங்குவது என்பதும் அதே முடிவின் பாகம்தான்.

மாப்பிள்ளை பார்க்கிறதுக்கு முன்னம்

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். உலகம் முழுக்க இந்தச் சத்திரசிகிச்சை செய்துகொள்கிறவர்களில் பெரும்பான்மை பெண்கள். எங்கட சமூகத்தில் அதற்குப் பின்னால் இருக்கிற காரணம் எப்போதும் நீரிழிவு இல்லை. ‘கலியாணம் பேசமுன்னம் கொஞ்சம் மெலியோணும்’ என்கிற வீட்டு அழுத்தம். வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு அனுப்புகிற போட்டோ.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு 12 முதல் 18 மாதத்துக்குக் கர்ப்பம் தரிக்கவேண்டாம் என்பது பொதுவான மருத்துவ ஆலோசனை. எடை வேகமாகக் குறைகிற அந்தக் காலத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் போசணை போதாமல் போகும். ஆனால் எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்புக் கூடும். பைபாஸ் செய்தவருக்குக் கருத்தடைக் குளிசை முழுதாக உடம்பில் சேராமலும் போகலாம். பைபாஸ் செய்த பெண்ணுக்குக் கர்ப்பகாலத்தில் வயிறு முறுக்கிப் பிடித்து நொந்தால், அது குடல் உள்ளே நழுவிச் சிக்கியதாகவும் இருக்கலாம். அது அவசரச் சத்திரசிகிச்சை. ‘பிள்ளைத்தாய்ச்சிக்கு வாய்வு’ என்று சொல்லி ஓமத்தண்ணி கொடுக்கிற விசயம் இல்லை.

இப்போது நடப்பதை யோசியுங்கோ. கலியாணத்துக்காக அவசரமாகச் சத்திரசிகிச்சை. ஆறு மாதத்தில் கலியாணம். கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம், ‘விசேசம் ஒண்டும் இல்லையோ?’ மாப்பிள்ளை வீட்டுக்குச் சத்திரசிகிச்சை நடந்ததே தெரியாது. அந்தப் பிள்ளை எந்த வாயால், ‘எனக்கு இன்னும் ஒரு வருசம் போகவேண்டும்’ என்று சொல்லும்? இங்கே ஆபத்தின் பெரும்பங்கு கத்தியால் வருவதில்லை. மறைப்பதால் வருகிறது.

தகுதி இருக்கு என்றால் தேவை இருக்கு என்று அர்த்தமா?

1991இல் அமெரிக்க வழிகாட்டல், உடற்திணிவுச் சுட்டி 40ஐத் தாண்டினால், அல்லது வேறு நோய்களோடு 35ஐத் தாண்டினால் சத்திரசிகிச்சையை யோசிக்கலாம் என்றது. 2022இல் வந்த புதிய சர்வதேச வழிகாட்டல் அந்த எல்லையைக் குறைத்தது. ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே வழங்கலாம் என்கிறது. அதற்கு நியாயம் இருக்கு: தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கோ. 170 சென்ரிமீற்றர் உயரமும் 80 கிலோ எடையும் உள்ள ஒருவரின் சுட்டி 27.7. உங்கட வகுப்பில் அப்படி எத்தனை பேர்? அவ்வளவு பேரும் இப்போது ஒரு விளம்பரத்தின் வாடிக்கையாளர்கள்.

கட்டுப்படாத நீரிழிவோடு இருக்கிற ஒருவருக்கு அந்த எல்லை குறைந்தது நல்ல செய்தி. இன்ஸ்ராகிராமுக்காக மெலிய நினைக்கிற ஒருவருக்கு, பத்து வருசத்தில் களத்தில் புண் வருகிற மூன்றில் ஒன்று என்கிற சாத்தியத்தை வாங்கிக்கொடுக்கிற கதவு அது. இரண்டு பேரையும் ஒரே விளம்பரம் கூப்பிடுகிறது.

போகமுன்னம் கேட்கவேண்டியவை

நீங்களோ உங்கட வீட்டு ஆளோ யோசித்துக்கொண்டிருந்தால், காசு கட்டமுன்னம் இவற்றைக் கேளுங்கோ:

1. எனக்கு ஏற்கெனவே நெஞ்செரிவோ எதுக்களிப்போ இருக்கு. முதலில் என்டொஸ்கொபி செய்து பார்ப்பீர்களா?
2. எனக்கு ஏன் ஸ்லீவ், ஏன் பைபாஸ் இல்லை? நீங்கள் இரண்டும் செய்கிறீர்களா, ஒன்று மட்டுமா?
3. ஐந்து வருசம் தாண்டிய உங்கட நோயாளர்களை நீங்கள் இன்னும் பார்க்கிறீர்களா?
4. இந்த விலைக்குள் போசணை ஆலோசகரும், உளவளத் துணையும், இரத்தச் சோதனையும் எத்தனை வருசத்துக்கு?
5. இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சலும் வயிற்று நோவும் வந்தால் நான் யாருக்கு அழைக்கிறது?
6. எதுக்களிப்பு மருந்துக்கு அடங்காவிட்டால் அடுத்தது என்ன? அதற்கு யார் காசு?

நல்ல வைத்தியர் இந்தக் கேள்விகளுக்குக் கோவிக்கமாட்டார். அவரே கேட்கமுன்னம் சொல்லுவார். கோவிக்கிற இடத்திலிருந்து எழும்பி வந்துவிடுங்கோ.

ஏற்கெனவே செய்து, இப்போது இரவில் எழும்பி இருமிக்கொண்டிருக்கிறீர்களா? நீங்கள் பிழை எதுவும் செய்யவில்லை. இது அறியப்பட்ட சிக்கல். ஆயிரக்கணக்கானவர்களுக்கு வந்தது, எழுதிவைக்கப்பட்டது. வழியும் இருக்கு: மருந்தின் அளவை மாற்றலாம், இரவுச் சாப்பாட்டை முன்தள்ளலாம், களம் ஏறிய இடத்தைச் சரிசெய்யலாம், தேவைப்பட்டால் ஸ்லீவைப் பைபாசாக மாற்றலாம். செய்த இடத்துக்குத் திரும்பிப் போக விருப்பமில்லை என்றால் அரசாங்க ஆஸ்பத்திரிச் சத்திரசிகிச்சை கிளினிக்குக்குப் போங்கோ. காட்டைக் கொண்டுபோங்கோ. ‘கஸ்ரைட்டிஸ்’ என்று சொல்லாதேங்கோ. ‘எனக்கு ஸ்லீவ் செய்தது, இத்தனையாம் ஆண்டு, படுத்தால் அமிலம் தொண்டைக்கு வருது’ என்று சொல்லுங்கோ. அந்த ஒரு வசனம் மாதக்கணக்கை மிச்சம் பிடிக்கும்.

மற்ற எங்களுக்கு வேலை இன்னும் இலகு. யாரைக் கண்டாலும் முதல் வார்த்தையாக உடம்பைப் பற்றிக் கதைக்கிறதை நிறுத்துவோம், தடித்தாலும் மெலிந்தாலும். பந்தியில் ஒருவர் கால்பங்கு இடியப்பத்தோடு கையெடுத்தால், ஏன் என்று கேட்காமல் தண்ணீரைத் தள்ளிவைப்போம். ‘எனக்கு ஒப்பரேசன் செய்தது, இப்ப சுகமில்லை’ என்று ஒருவர் சொன்னால், யார் செய்யச் சொன்னது என்று கேட்காமல், எந்தக் கிளினிக் எத்தனை மணிக்கு, நானும் வரட்டோ என்று கேட்போம்.